ருக்ஸானா பாக்காம விட்டது

– ஏன் ஹலீமா, எம் பொண்ணு யாமினி கல்யாணத்துக்கு ஹாலு இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லு. காலையில மெசேஜ் வந்துச்சு, ‘உங்கள் முன்பதிவு பரிசீலனையில் உள்ளது’ன்னு. உம் மக வேலை பாக்குற கம்பெனிதானே அந்த புக்கிங்க நடத்துது.

– அதச் சொல்லத்தான் முத்தாயிக்கா ரெண்டு மாடி ஏறி வந்தேன். லிஃப்ட் ரிப்பேர் லா. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்.

– வாங்கிக்க. அறுநூறு பத்திரிகை அடிச்சாச்சு, ஜாலான் புசார் ஹாலுன்னு போட்டு. நமக்கென்ன வந்துச்சு, நீ மெதுவா வாங்கு.

– புக்கிங் ப்ரோக்ராம்ல ஒரு தப்பு இருந்திருக்கு. ரெண்டு வருஷமா ஒருத்தர் கண்ணுலயும் படல. எங்க ருக்ஸானா கண்டுபிடிச்சிட்டா.

– ஒண்ணு விடாம உக்காந்து பாத்தாளாக்கும்.

– அப்படிப் பாக்க முடியாதுக்கா. ஒரே நேரத்துல நூறு பேரு போனத் தட்டுறாங்க. யார் முன்ன, யார் பின்னன்னு கோடிக்கணக்குல வரிசை வருது. கம்ப்யூட்டர் மூணு வாரம் ஓடியும் முடியல. இவ அதுல முக்காலே மூணுவீசத்தப் பாக்கவே வேணாம்னு தள்ளிட்டா.

– தள்ளிட்டாளா? சொல்றேன்னு தப்பா நெனக்காத, பாக்காம விடுறதுக்கா சம்பளம்? எங்க வீட்டுல வேலை பாக்குற பொண்ணு கட்டிலுக்கு அடியில கூட்டாம விட்டா நான் சும்மா இருப்பேனா?

– நீங்க மேல சோறு வைக்கிறீங்க, நான் கீழ துணி காயப்போடுறேன். யார் முதல்ல செஞ்சா என்ன?

– என்ன, ஒண்ணுமில்ல. சோறும் வேகும், துணியும் காயும்.

– அதான் லா. அதுல ஒரு வரிசையப் பாத்தா போதும், மாத்திச் செஞ்சாலும் அப்படியேதான் முடியும். எவளோ ஒருத்தி உட்லண்ட்ஸ் ஹால எடுத்தா உங்க ஹாலுக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா நம்ம ரெண்டு பேரும் கீழ ஒரே கம்புக்குத் துணியத் தூக்கிட்டு வந்தா?

– அப்ப யாரு முந்தின்னு பாத்தே ஆவணும். போன தீபாவளிக்கு அந்த ஏழாம் மாடிக்காரி எங்கிட்ட...

– அந்தக் கதை ப்ளாக்குக்கே தெரியும்க்கா. அந்த மாதிரி மோதுற எடத்துல மட்டும் எல்லா வரிசையையும் ஓட விட்டா. சாப்பிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஒருத்தர் பாக்குறாரு, ஹால் காலி. அவரு பட்டனத் தட்டுறதுக்குள்ள இன்னொருத்தர் பாக்குறாரு, அவருக்கும் காலின்னு காட்டுது. ரெண்டு பேருமே தட்ட, ரெண்டு பேருக்கும் கன்ஃபர்ம். மீட்டிங்ல இத இவ போட்டுக் காட்டுனப்ப பெரிய பாஸே எந்திரிச்சு நின்னாராம்.

– கெட்டிக்காரிதான், இல்லேங்கல. ஆனா முப்பத்தொண்ணு ஆவுதே ஹலீமா. கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டு இருந்தா எப்படி? ஞாயித்துக்கெழம லேப்டாப் பையோட ஒருத்தன் வர்றானே, கூட வேலை பாக்குறவனா? நமக்கென்ன வந்துச்சு, சும்மா கேட்டேன்.

– அர்ஃபானா? ஆமா, கூட வேலை பாக்குறவருதான்.

– நெனச்சேன். ஞாயித்துக்கெழமயும் வேலை. சரி, ஹாலுக்கு வா.

– பழைய புக்கிங் எல்லாத்தையும் தேடிப் பாத்திருக்கா. அப்படி மாட்டினது ஒரே ஒரு தேதிதான்கா. உங்க தேதி.

– யாரு அந்த இன்னொருத்தி? பேரச் சொல்லு, நான் போய்ப் பேசிக்கிறேன். அவளா நானா, யாரு முந்தித் தட்டினது?

– அது மெஷினுக்கே தெரியல. கம்பெனி குலுக்கிப் போடலாம்னுச்சு. ருக்ஸானாதான் வேணாம்னுட்டா.

– வேணாங்கறதுக்கு இவ யாரு? கல்யாணத்துக்கு நிக்கிறது எம் பொண்ணு. பத்திரிகைய அடிச்சு வச்சிட்டு ஹால விடுறது எப்படி இருக்கும்னு அவளுக்கு என்ன தெரியும்?

– நல்லாத் தெரியும்க்கா. அந்த இன்னொரு புக்கிங் அவளுக்கும் அர்ஃபானுக்கும் நிக்காஹ்வுக்குப் போட்டது. காலையிலயே அதக் கேன்சல் பண்ணிட்டா, ஹால் யாமினிக்குத்தான்.