நாற்பது குரல்களில் ஒன்று

"அத்தன பேரோட பாடினா உன் குரல் யாருக்குட்டி கேக்கும்?" கல்லூரிப் பாடகர் குழுவில் சேரவா என்றதற்கு அம்மா இப்படிக் கேட்டாள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்; குழுவில் பெயர் கொடுக்காமல் தள்ளிப்போட்டேன்.

குற்றாலத்திலிருந்து தென்காசி வரும் பஸ்ஸில், முன் இருக்கையில் ஒரு வயதான தம்பதி. அந்த அம்மாள் மடியில் துண்டில் சுற்றிய இசைத்தட்டு. அவள் கணவரிடம் குறைபட்டுக்கொண்டாள்.

"கிராமபோனுக்கு முழுசா சாவி கொடுத்தா என்னவாம்? பண்டிகைப் பாட்ட ஒப்பாரியால்லா ஆக்குதிய."

"இந்தத் தட்டுல நாப்பது பேரு சேந்து பாடுதாக. மெதுவா ஓடினாத்தான் நம்ம மக குரலப் பிரிச்சுக் கேக்க முடியுது."

"சுருதி இறங்கி ஆம்பளக் குரலால்லா கேக்கு!"

"கேக்கட்டும். வேகமா ஓடினா சீக்கிரம் முடிஞ்சிருமேட்டி. மலேயாவுல இருந்து அவ எப்ப வரப் போறா?"

அந்த அம்மாள் துண்டை இறுக்கிச் சுற்றினாள். "இன்னைக்கு ஒரு தடவ முழுசா சாவி கொடுங்க. அவ சந்தோசமாப் பாடினத நானும் கேக்கணும்லா."

மறுநாளே குழுவில் பெயர் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.