கெட்டிலுக்குள் கரண்டி விட்டுப் பார்த்தவர்

தலைமை நாற்காலியில் தளராமல் வீற்றிருக்கும் பெரியவர் ஓட்டகர் நேமெட்ஸ் அவர்களே! மாவட்ட நர்ஸ் என்ற பதவியே இனி வேண்டாம் என்று தீர்மானம் எழுதிக் கையில் வைத்திருக்கும் குழு உறுப்பினர் கோர்மன் அவர்களே! சேற்றில் சக்கரம் புதையப் புதைய வந்து சேர்ந்திருக்கும் சோளக்காட்டுச் சான்றோர்களே! மாவு உலராத கைகளோடு கொலாச்சி ரொட்டியைத் தட்டில் அடுக்கிவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தன் தீர்ப்புக்குத் தானே காத்திருக்கும் நர்ஸ் மிஸ் டன்ஹாம் அவர்களே! அனைவருக்கும் ஆனெஷ்காவின் வணக்கம்.

ஐந்தாம் வகுப்போடு சோளக்கதிர் ஒடிக்கப் போனவள் நான். தப்பாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். சரியாகப் பேசினால் தாராளமாகக் கைதட்டுங்கள்.

கோர்மன் சற்றுமுன் என்ன கேட்டார்? "மருந்து எழுத டாக்டர் இருக்காரு. வீடு வீடாப் போய் கேள்வி கேட்டு, காபி குடிச்சுட்டு வர்றதுக்கு ஒரு ஆளா?" என்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். காபி குடித்தது உண்மைதான்! என் வீட்டிலேயே குடித்தார். அந்தக் காபியில்தான் கதையே இருக்கிறது.

ஏழு வருடத்துக்கு முன்பு என் மகள் ஸ்டாஸாவுக்கு ஒரு மகன் பிறந்தான். லம்பர்ட். அதோ, உங்கள் கொலாச்சித் தட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறானே, அவனேதான்! தாய்ப்பால் சுரக்கவில்லை, டப்பாப் பாலில் தண்ணீர் கலந்து புட்டியில் கொடுத்தோம். இரண்டாம் மாதம் உதடு நீலம், நகம் நீலம், மல்பெரிப் பழம் தின்றவன் வாய்போல் ஒரு நீலம். டாக்டர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஐந்தாம் நாள் ரோஜா நிறம்! வீட்டுக்குத் தூக்கி வந்தோம். நாலாம் நாள் நீலம். மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி ரோஜா. மறுபடி வீடு, மறுபடி நீலம். "இதயத்தில் கோளாறு; ஒமாஹா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், நெஞ்சைத் திறந்து பார்க்கட்டும்" என்றார் டாக்டர்.

நெஞ்சைத் திறப்பதா? உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்த நெஞ்சையா?

அந்த வாரம்தான் மிஸ் டன்ஹாம் வந்தார். வந்ததும் பிள்ளையைப் பார்த்தாரா? அடுப்பைப் பார்த்தார்!

"நோய் பிள்ளைகிட்ட இருந்தா பிள்ளை போற எடத்துக்கெல்லாம் கூடவே போகணுமில்லம்மா? இது ஏன் ஆஸ்பத்திரிக்கு வராம உங்க வீட்டுலயே தங்கிக்குது?"

எனக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்டுக்குள்ள ஈகூட யோசிச்சுத்தான் நுழையும். வேலிக்கு அந்தப் பக்கம் விளாஸ்டா வீட்டுல போய்ப் பாருங்க. மேசை மேல கோழி நடக்குது. அவ பிள்ளை மட்டும் எப்படிக் கொழுகொழுன்னு இருக்கான்?"

"அங்க போயிட்டுத்தான் வர்றேன். அவன் தாய்ப்பால் குடிக்கிறான். அவன் வாயில தண்ணியே படல" என்றவர், என் காபியை ஒரு வாய் குடித்து நிறுத்தினார். "கரிக்குதே, எந்தத் தண்ணி?"

"எங்க கிணத்துத் தண்ணிதான். விடிஞ்சதும் கெட்டிலை அடுப்புல வைப்பேன். நாள் பூராக் கொதிக்கும். கொறையக் கொறைய மேல ஊத்துவேன். பிள்ளைக்கும் அதுலதான் பால் கரைப்பேன். ஒரு கிருமி தப்பாது!"

"அடியில மிஞ்சினதைக் கொட்டிட்டுத்தானே ஊத்துவீங்க?"

"கொதிச்ச தண்ணிய யாராவது கொட்டுவாங்களா?"

மரக் கரண்டியைக் கெட்டிலுக்குள் விட்டார். நனைந்த இடத்தில் நகத்தால் கீறினார். மேலே ஊற்ற வேண்டாம் என்றார். உட்கார்ந்தார். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், நண்பகல் வரை உட்கார்ந்திருந்தார் ஐயா! மறுபடி கரண்டியை விட்டால் பாதிகூட நனையவில்லை.

"பாதிக்கு மேல ஆவியாப் போயிடுச்சு. ஆனா கிணத்துலேர்ந்து தண்ணியோட வந்த உப்பு எங்கம்மா போச்சு?"

எங்கே போயிருக்கும்? எங்கள் கிணறு மாட்டுக்கொட்டகைக்குப் பத்தடி தள்ளி இருக்கிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை நகரத்துத் தண்ணீரைப் பால் கேனில் தானே சுமந்து வந்தார். ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. சாணமும் உரமும் மண்ணில் இறங்கி, நைட்ரேட் என்ற உப்பாகக் கிணற்றில் கலந்திருந்தது. பச்சைக் குழந்தையின் ரத்தம் மூச்சுக்காற்றைச் சுமக்க விடாமல் செய்யும் உப்பு. கொதித்தால் கிருமி சாகும். இது சாகாது, இறுகும். நான் சுத்தம் சுத்தம் என்று காய்ச்சக் காய்ச்ச, என் கையாலேயே அதைக் கெட்டியாக்கி ஊட்டியிருக்கிறேன்! கடிதத்தைப் படித்து முடித்துத் தொட்டிலைப் பார்த்தோம். உதடு ரோஜா. ஒமாஹா போகவில்லை.

அதோடு விட்டாரா? கைக்குழந்தை இருக்கும் வீடெல்லாம் ஏறி இறங்கினார். முப்பத்தொரு கிணறு பார்த்தார். ஒன்பதில் அதே உப்பு. யாரப்பா அங்கே தலையாட்டுவது? ஆமாம், உன் கிணறும் ஒன்று!

ஒவ்வொரு வீட்டிலும் "ஒரு வீட்டில் இப்படி நடந்தது" என்றுதான் சொன்னார். யார் வீடு என்று சொல்லவில்லை. ஊர் தானாக முடிவு கட்டியது: கோழி நடக்கும் விளாஸ்டா வீடுதான் என்று. ஏழு வருடம் அவள் முதுகுக்குப் பின்னால் பேசினீர்கள். ஏழு வருடம் நான் வாயைத் திறக்கவில்லை. இன்று திறக்கிறேன். அது என் வீடு. என் அடுப்பு. என் கெட்டில். விளாஸ்டா, என்னை மன்னித்துவிடு.

"இப்பவாச்சும் சொன்னியே! ஆனா என் கோழி மேசை மேல நடந்ததேயில்லடி, நாற்காலி மேலதான்!"

கேட்டீர்களா? சிரித்தது போதும், கோர்மன் அவர்களே. உடம்பு சரியில்லாதவன் டாக்டரிடம் நடந்து போவான். கிணறு போகுமா? கெட்டில் போகுமா? தன் சுத்தத்தில் மயங்கிக் கிடந்த இந்த ஆனெஷ்கா போயிருப்பாளா? டாக்டர் வீட்டுக்கு நடந்து போகும் கிணறு ஒன்றை எனக்குக் காட்டுங்கள். உங்கள் தீர்மானத்துக்கு முதல் கையை நானே தூக்குகிறேன். காட்ட முடியாவிட்டால், அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பேசவிட்ட தலைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. பின்னால் காபி கொதிக்கிறது. நகரத்துத் தண்ணீர், இப்போதுதான் வைத்தது. முதல் கோப்பை மிஸ் டன்ஹாமுக்கு. குடித்துவிட்டு, அவர் என்ன கேட்டாலும் பதில் சொல்லுங்கள். வணக்கம்!