பல்பொடி டப்பாவில் அத்தா முகம்

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டே கிடைத்துவிட்டது எனக்கு. முன்சீட்டில் பல்பொடி வியாபாரி ஒருவர் பக்கத்திலிருந்த வக்கீலிடம் பொருமினார்.

"எங்க அத்தா மூஞ்சிய நான் டப்பாவுல போடக்கூடாதாம், சார்! தம்பி நோட்டீஸ் விட்டிருக்கான்."

"உங்க அப்பா படத்தைத் தம்பி தன் பேர்ல டிரேட்மார்க்கா பதிவு பண்ணிட்டாருல்ல? அதுக்கு முன்னாடியே நீங்க வித்ததுக்குப் பழைய டப்பா, பில்லு ஏதாவது இருக்குங்களா?"

"எல்லாம் வெள்ளையடிக்கிறப்ப தூக்கிப் போட்டாச்சு. என் மூஞ்சியவே போட்டுக்கவா? அதே தாடி, அதே தொப்பி."

"அச்சு அசலா அத்தா மாதிரியே இருக்கீங்களே! அதுக்கும் கேஸ் போடுவாரு."

"தாடிய எடுத்துட்டா எந்த ஜனம் சார் வாங்கும்?"

என் பையிலும் அந்தத் தாடிக்காரர் டப்பா இருந்தது. எழுத்தறியாத நான் தாடியைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் வாங்குகிறேன். அண்ணன் விற்றதோ, தம்பி விற்றதோ!