வாரேன்னு சொன்னா நிக்கும்

பல்லடம் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் தடித்த ரோபோ நாவல்.

"எத்தனை தடவை எடுத்தாலும் பத்துப் பக்கத்துல மூடிப்போடறனுங்க."

"அதைக் கடைசியாப் படிக்கோணுங்க. அதை எழுதினவரோட ரோபோச் சிறுகதைல ஆரம்பிங்க. சொன்னதை அப்படியே நம்பற ரோபோ, அதனால வர்ற வம்பு. அவ்வளவுதான் கதை."

"அப்படி என்னங்க வம்பு?"

"நாம 'வாரேன்'னு சொல்லிப்போட்டுத்தானுங்க கிளம்பறோம்? அது வருவீங்கன்னு வாசல்லயே நிக்குமுங்க."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

சூலூரில் நாவல் வைத்திருந்தவர் இறங்கினார். கீழே நின்று தோழியிடம், "சிறுகதையே வாங்கிப்போடறனுங்க. வாரேனுங்க" என்றார்.

கண்டக்டர் வாயிலிருந்து விசிலை எடுத்தார். "வாரதுன்னா ஏறுங்க அம்மணி. வண்டி நிக்குது."