ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியவருக்கு

வழித்தடம் அறிந்த வல்லவரே! பள்ளத்தில் வண்டியை இறக்கினாலும் பயணியின் முதுகைப் பதறவிடாத பக்குவமே! கைகாட்டியவரைக் கைவிடாத கருணையே! கண்ணாடிக்குள் ஓடி வருபவரைக் கண்டதும் பிரேக்கின் மேல் கால் வைத்த கண்ணியமே! முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்பணிமனையின் முதல் வண்டியை முகம் சுளிக்காமல் எடுத்த மூத்தவரே! இன்று மாலை சாவியை ஒப்படைத்துவிட்டு இல்லம் திரும்பும் எங்கள் ஓட்டுநர் பெருந்தகையே! உடன் உழைத்தவர்களின் வணக்கம் உரித்தாகுக!

தங்களுக்காக இரண்டு மடல்கள் எழுதப்பட்டன. ஒன்று, கிளை மேலாளர் அவர்கள் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தது. விதிகளைப் போற்றியவர், மேலிடத்துச் சொல்லைத் தட்டாதவர், சர்ச்சைகளுக்கு அப்பாற்பட்டவர் என்றெல்லாம் அதில் கண்டிருந்தது. அதை வாசித்திருந்தால், வேறு யாரையோ பாராட்டுகிறார்கள் என்று நினைத்துத் தாங்களும் சேர்ந்து கைதட்டியிருப்பீர்கள். அது இப்போது நேரக் காப்பாளர் அறையில் தேநீர்க் குவளைக்கு அடியில் இருக்கிறது. இங்கே வாசிக்கப்படுவது மற்றொன்று. முன்வரிசையில் வீற்றிருக்கும் மேலாளர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். இது சற்று நீளும், சற்றுக் கோபமாகவும் இருக்கும்.

வாசல்காரரே!

நடத்துநர்கள் தங்களுக்கு விளையாட்டாக வைத்த பெயர் இது. அரசு மருத்துவமனையின் வாசலுக்கு நேராக, நிறுத்தமே இல்லாத இடத்தில், தாங்கள் நாள்தோறும் வண்டியை நிறுத்தியதால் வந்த பெயர். ஓரக்கல்லை உரசாமல், படிக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண் கூட விடாமல், மாவுக்கட்டுப் போட்ட கால் தானாக இறங்கும்படி வண்டியைச் சாய்த்து நிறுத்தும் அந்த நயம் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித் தரப்படுவதில்லை. எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்தபடி இறங்கும் பெண்கள், மூச்சு வாங்கிக்கொண்டே கம்பியைப் பிடிக்கும் பெரியவர்கள், காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்ட தகப்பன்மார், இவர்கள் இறங்கி முடிக்கும்வரை தாங்கள் ஒரு தடவை கூட ஒலிப்பானை அடித்ததில்லை. நேற்று இறங்கும்போது அங்குள்ள செவிலியர் ஒருவர் தங்களிடம் கேட்டார்: "நீங்க போயிட்டா, நாளைலேர்ந்து வண்டி இங்க நிக்குமா அண்ணே?" தாங்கள் கியரைப் போட்டு வண்டியை எடுத்தீர்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இன்று இங்கே கூடியிருக்கிறோம்.

விடை சொல்வதற்கு முன், அந்த வாசலில் நிறுத்தம் ஏன் இல்லாமல் போனது என்பதைச் சபை அறியட்டும். முன்பு இருந்தது. கம்பமும் பலகையும் நிழலுக்கு ஒரு கூரையும் இருந்தன. பிறகு, பளபளக்கும் அட்டையோடு விரைவுப் பயணக் கொள்கை என்று ஒன்று வந்தது. நிறுத்தங்களைக் குறைத்தால் வண்டி வேகமாகப் போகும் என்பது அதன் சாரம். யாரையுமே ஏற்றாவிட்டால் இன்னும் வேகமாகப் போகும், அதை ஏனோ எழுதாமல் விட்டார்கள்! காரில் வந்த அதிகாரிகள் காரிலிருந்து இறங்காமலேயே விரலை நீட்ட, கம்பம் பிடுங்கப்பட்டது. குழியை மூடக்கூட ஆளில்லை. நிறுத்தம் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் போனது. அதே மாதத்தில் சுகாதாரத் துறை அந்த மருத்துவமனையில் சிறுநீரகச் சுத்திகரிப்புப் பிரிவை நாடா வெட்டித் திறந்தது. ஒரு கை கதவைத் திறக்க, மறு கை வழியை அடைத்தது. இரண்டும் ஒரே அரசாங்கத்தின் கைகள்தாம்.

தாங்கள் மட்டும் பழையபடி நிறுத்தினீர்கள்.

எங்கள் தொகுதியின் சட்டப்பேரவை உறுப்பினர் மருந்துக்கடை நடத்திவிட்டு அரசியலுக்கு வந்த அம்மையார். மேம்பாலத்தில் நோயாளிகள் நடப்பதைப் பார்த்து வயிறெரிந்து, பேரவையில் வினா எழுப்ப எழுதிக் கொடுத்தார். ஒரு வினா ஓர் அமைச்சருக்கு மட்டுமே என்று அது திரும்பி வந்தது. பேருந்தில் வருகிற நோயாளி யாருடைய பொறுப்பு என்று கேட்க அங்கே ஏற்பாடே இல்லையாம்! அம்மையார் விடவில்லை. வினாவை இரண்டாகப் பிட்டு, சுகாதாரத் துறைக்கு ஒன்றும் போக்குவரத்துத் துறைக்கு ஒன்றுமாகக் கொடுத்தார்.

சுகாதாரத் துறையிலிருந்து விவரம் திரட்ட ஒருவர் வந்தார். வாசலில் நின்றார், தங்கள் வண்டி வந்து நின்றதைக் கண்டார், மகிழ்ந்து எழுதிக்கொண்டு போனார். சுகாதார அமைச்சர் எழுந்து, நோயாளிகளின் நலன் கருதிப் பேருந்துகள் மருத்துவமனை வாசலிலேயே நின்று செல்கின்றன என்று முழங்கினார். மேசைகள் தட்டப்பட்டன. இரண்டு நாள் கழித்துப் போக்குவரத்து அமைச்சர் எழுந்து, அங்கீகரிக்கப்பட்ட நிறுத்தங்களைத் தவிர வேறெங்கும் எந்தப் பேருந்தும் நிற்பதில்லை என்று முழங்கினார். அப்போதும் மேசைகள் தட்டப்பட்டன. பிறகு அம்மையார் இரண்டு விடைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக் காட்டி, "இதுல எது நெசம்? ரெண்டு பேரும் வெளில போய்ப் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க, நாங்க காத்திருக்கோம்" என்றார். பேரவை சிரித்தது. அரசாங்கத்தின் மூக்கு உடைந்தது. உடைந்த மூக்குக்கு மருந்து போட அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

அந்த ஆள் தாங்கள்!

அமைச்சர் அவர்கள் பேரவையில் அளித்த விடைக்கு முரணாகப் பேருந்தை நிறுத்தியது ஏன் என்று தங்களுக்குக் குறிப்பாணை வந்தது. இப்படி ஒரு குற்றத்தை உலகத்தில் வேறு எந்த ஓட்டுநராவது செய்திருப்பாரா? நிறுத்தினால் ஓர் அமைச்சர் சொன்னது பொய், நிறுத்தாவிட்டால் இன்னோர் அமைச்சர் சொன்னது பொய். தங்கள் வலது காலுக்கு அடியில் இரண்டு அமைச்சர்களின் மானம் கிடந்தது. மேலாளர் அறையில் நடந்ததை நாங்கள் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டோம். ஒட்டுக்கேட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒரே வரில மன்னிப்பு எழுதிக் குடுங்க. இனிமே நிறுத்த மாட்டேன்னு எழுதுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார் மேலாளர்.

"எந்த அமைச்சருக்கு சார் எழுதணும்? இத்தன நாள் நிறுத்துனதுக்கு ஒருத்தர்கிட்ட மன்னிப்பு கேட்டா, இனிமே நிறுத்தாம போறதுக்கு இன்னொருத்தர்கிட்ட கேக்கணுமே" என்றீர்கள் தாங்கள்.

எழுத்தில் தாங்கள் கொடுத்த விளக்கம் அதைவிடச் சின்னது. அங்கே ஆட்கள் நின்றார்கள், அதனால் நிறுத்தினேன். அவ்வளவுதான். அதற்குத் தண்டனையாகத் தங்களை வண்டி கழுவும் தளத்துக்கு அனுப்பினார்கள். நெடுஞ்சாலையில் விபத்தே இல்லாமல் வாழ்நாளெல்லாம் ஓட்டிய கைகள், ஈரத்தளத்தில் வண்டிகளை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தன. தங்கள் வழித்தடத்தில் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பரிசோதகரை ஏற்றி, வாசலில் நிற்காமல் போகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். சீட்டு இல்லாமல் பயணிப்பவரைப் பிடிக்க ஆள் போதவில்லை என்று அழுத நிர்வாகத்துக்கு, இதற்கு மட்டும் ஆள் கிடைத்தது.

இனி வருவதைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

பணிமனைக்கு எதிரே கடை வைத்திருந்த தையற்காரரை இங்கே தெரியாதவர் இல்லை. எங்கள் சீருடைகள் எல்லாம் அவர் தைத்தவை. சிறுநீரகம் பழுதாகி, ஒன்று விட்டு ஒரு நாள் அந்த மருத்துவமனைக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். "ஊருக்கே அளவெடுத்தவன் நான். இப்ப எனக்குக் குடிக்கிற தண்ணியையே அளந்து குடுக்கறாங்கப்பா" என்று சிரிப்பார். தாங்கள் ஓட்டியவரை, வாசலில் இறங்கி வாசலிலேயே ஏறி வந்தார். தாங்கள் கழுவும் தளத்தில் நின்ற ஒரு நாள், சிகிச்சை முடிந்து சோர்ந்துபோய் வாசலில் வந்து நின்று, வழக்கம்போல் கைகாட்டினார்.

"சார், அது நம்ம தையக்காரர். ஒரு நிமிஷம் நிறுத்திக்கறேன்" என்று கெஞ்சினார் ஓட்டுநர்.

"எனக்கு மட்டும் மனசில்லையா? மேலேர்ந்து ஆர்டர். என் வேலை போயிடும்யா, போ" என்றார் பரிசோதகர்.

வண்டி போனது. தையற்காரர் மேம்பாலத்தில் ஏறி நடந்தார். வெயில். பாதிப் பாலத்தில் கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்தவர் அங்கேயே போய்ச் சேர்ந்தார். விரைவுப் பயணக் கொள்கையின்படி, கார்கள் அவரைக் கடந்து விரைவாகப் போய்க்கொண்டிருந்தன.

அம்மையார் மறுபடியும் வினா எழுப்பினார். தையற்காரர் எங்கள் வளாகத்துக்குள் இறக்கவில்லை, சிகிச்சை முடிந்து நல்ல நிலையில்தான் வெளியேறினார் என்றது சுகாதாரத் துறை. அவர் எங்கள் பேருந்துக்குள் இறக்கவில்லை என்றது போக்குவரத்துத் துறை. மேம்பாலம் நெடுஞ்சாலைத் துறையுடையது, அத்துறைக்கு வினா எழுப்பும் நாள் முடிந்துவிட்டது என்றார்கள். எந்தத் துறையிலும் இறக்காமல் ஒரு மனிதன் செத்துப்போனான்! வெட்கமாக இல்லையா? இரண்டு அமைச்சர்களுக்கும், இந்த விடைகளை எழுதிக் கொடுத்தவர்களுக்கும் அன்று இரவு சாப்பாடு இறங்கியதா என்று நாங்கள் கேட்கிறோம். இதற்கும் யாராவது ஒருவர் எழுந்து விடையளிக்கட்டும்.

சில நாள் கழித்துத் தையற்காரரின் மனைவி பணிமனைக்கு வந்தார். கையில் ஒரு காக்கிச் சட்டை. "உங்க அளவுக்குத் தச்சது. பட்டன் மட்டும் வைக்கல. எனக்கு வைக்கத் தெரியும், ஆனா கை வர மாட்டேங்குதுங்க" என்று தங்களிடம் நீட்டினார். தாங்கள் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டீர்கள். அன்று கழுவும் தளத்திலேயே ஊசி நூல் வாங்கி, தாங்களே பொத்தான்களைக் கோணல்மாணலாகத் தைத்தீர்கள். சபையோரே, இன்று விழா நாயகர் அணிந்திருக்கும் சட்டை அதுதான். புதுச்சட்டை போட்டுக்கொண்டு வரக்கூடாதா என்று சற்று முன் அவரைக் கேலி செய்த மேலாளர் அவர்களுக்கும் இதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

மறுநாள் காலை, யாரையும் கேட்காமல், தளத்திலிருந்து நேராக நடந்து வந்து முதல் வண்டியில் ஏறினீர்கள். மேலாளர் சன்னல் வழியாகப் பார்த்தார், பிறகு திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து இன்று காலைவரை வண்டி வாசலில் நின்றது. அது மேலாளரின் பெருந்தன்மை என்று நாங்கள் ஏமாந்திருந்தோம். போன வாரம் அவர் தொலைபேசியில் மேலிடத்துக்குச் சொன்னது காதில் விழும்வரை. "இன்னும் ஒரு வாரம்தான் சார். அவர் ரிட்டயர் ஆயிட்டா பிரச்சன தானா தீந்துடும்."

தங்கள் முப்பதாண்டு உழைப்புக்கு நிர்வாகம் வழங்கிய பாராட்டு அந்த ஒரு வாக்கியம்தான்! தாங்கள் ஒரு பிரச்சினையாம்! பிடுங்கிய கம்பம் பிரச்சினை இல்லை, மூடாத குழி பிரச்சினை இல்லை, பாலத்தில் போன உயிர் பிரச்சினை இல்லை.

தாங்கள், தங்களை என்று வாசித்து வாசித்து வாய் கூசுகிறது. வாழ்நாளெல்லாம் அண்ணே என்று கூப்பிட்ட வாய்கள் இவை. அண்ணே, இனி உங்களிடமே பேசுகிறோம். நீங்கள் எங்களை ஒரு நாளும் நிறுத்தச் சொன்னதில்லை. "எனக்கு வயசாச்சு, மெமோ வந்தா வரட்டும். நீங்க புள்ளகுட்டிக்காரங்க, மாட்டிக்காதீங்க" என்றே சொல்லி வந்தீர்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் பேச்சை நாங்கள் கேட்கப் போவதில்லை. நாளைக் காலை முதல் வண்டி அந்த வாசலில் நிற்கும். அடுத்த வண்டியும் நிற்கும். அதற்கடுத்ததும் நிற்கும். அந்தச் செவிலியர் தங்கைக்கு எங்கள் விடை இதுதான்.

மடலைச் சட்டமிட்டு ஒரு பிரதி கொடுப்பது வழக்கம். நாங்கள் இரண்டு பிரதிகள் செய்திருக்கிறோம். ஒன்று உங்கள் வீட்டுச் சுவருக்கு. மற்றொன்று மேலாளர் அவர்களின் மேசைக்கு. நாளை நிறுத்தியது யார் என்று அவர் விசாரித்து அலைய வேண்டியதில்லை. கீழே கையெழுத்துகள் இருக்கின்றன. ஏன் நிறுத்தினீர்கள் என்று எங்களிடம் விளக்கம் கேட்கப்பட்டால், இந்த மடலே எங்கள் விளக்கம்.

அண்ணே, நீங்கள் நெடுநாள் நலமாக வாழ வேண்டும். அதிகாலையில் எழுந்து பழகிய உடம்பு கொஞ்சம் தூங்கட்டும். அண்ணியிடம் திட்டு வாங்குங்கள், பேரப்பிள்ளைகளின் மூன்றுசக்கர வண்டிக்கு வழிவிடுங்கள், கால் மேல் கால் போட்டுக்கொண்டு தேநீர் குடியுங்கள். அந்த மருத்துவமனை வாசலை மிதிக்கும் தேவை உங்களுக்கு எந்நாளும் வராதிருக்கட்டும். ஒருவேளை வந்தால், எங்கள் வண்டியில் ஏறுங்கள். வாசலிலேயே இறக்கிவிடுகிறோம்.

இங்ஙனம்,

நாளையும் வாசலில் நிறுத்தவிருக்கும் ஓட்டுநர்கள்
இறங்குபவர்களுக்குக் கைகொடுக்கவிருக்கும் நடத்துநர்கள்
பணிமனைத் தொழில்நுட்பப் பணியாளர்கள்
வண்டி கழுவும் தளத்தின் பணியாளர்கள்
இம்மடலை எழுதிய நேரக் காப்பாளர்
அன்று அந்த வண்டியில் இருந்த பரிசோதகர்