நடுவில் இருந்த ஈயத் தகடு

மலைமேல் இருக்கும் கரியாலூரில் மழைக்காலத்தில் துணி காய நான்கு நாள் ஆகும், ஐயா. மேகம் இறங்கிவிட்டால் கூரையில் இருக்கும் சோலார் தகடும் சும்மாதான் கிடக்கும்.

என் மனைவி சந்தியா அங்கே துணை சுகாதார நிலையத்தில் செவிலியர். போன வருடம் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் குழந்தைகளுக்கான தடுப்பூசி முழுவதும் கெட்டுப்போனது. "அம்மாங்க கைப்புள்ளைய தூக்கிக்கினு அவ்ளோ தூரம் நடந்து வந்தாங்க. திருப்பி அனுப்பிட்டேங்க" என்று அழுதாள்.

நான் இயற்பியல் ஆய்வாளன். கதிரியக்கத்திலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் நானோ அடுக்குகளைச் செய்துகொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய தங்கமும் கரியும். கதிர் பட்டால் மின்சாரம் வரும். நீராவி வேண்டாம், சுழலும் இயந்திரம் வேண்டாம்.

"அத இங்க கொண்டாந்து வெச்சா இன்னாங்க?" என்று அவள்தான் கேட்டாள்.

ஆய்வகத்தில் ஒதுக்கியிருந்த, கதிர் வீசும் சீசியத்தை யாருக்கும் சொல்லாமல் எடுத்துவந்தேன். அதையும் அடுக்குகளையும் ஒரு பெட்டியில் அமைத்து, அவள் மேசைக்குப் பக்கத்தில் வைத்தோம். சீசியத்துக்கும் அடுக்குகளுக்கும் நடுவில் கதிரைத் தடுக்க ஓர் ஈயத் தகடு. அது இருந்தவரை, தடுப்பூசிப் பெட்டியைக் குளிர வைக்கும் பாட்டரியில் சார்ஜ் ஏறவேயில்லை. அவள் தினமும் தடுப்பூசிப் பெட்டியைத் திறந்து, உள்ளே கைவைத்துப் பார்த்து மூடினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தகட்டை எடுத்துவிட்டேன். எடுத்தால் அறைக்குள்ளும் கதிர் வரும் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் தடுப்பூசிப் பெட்டி குளிர்ந்தது. சந்தியா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு அழகாக அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஊசி போட வரும் பிள்ளைகள் பத்து நிமிடம்தான் இருப்பார்கள் என்று கணக்கிட்டிருந்தேன். நான் நீளமான ஒயர் இழுத்து, வெளியே வேப்பமரத்தடியில் நின்றே அளவெடுத்தேன். உடம்பில் படும் கதிரை அளக்கும் பேட்ஜ் ஒன்றுதான் இருந்தது. அதை நான் சட்டையில் குத்தியிருந்தேன்.

இரண்டாம் மாதம் அவளுக்கு ஈறில் ரத்தம் வந்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. "இந்தப் பெட்டியால எதுனா ஆவுதாங்க?" என்றாள்.

"உனக்குத் தூக்கம் கம்மி" என்றேன். அன்றிலிருந்து நானே அவளுக்குத் தலைவாரிவிட்டேன். மெதுவாக, வலிக்காமல்.

கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் டெங்கு, மஞ்சள்காமாலை என்று எல்லாம் பார்த்தார்கள். "வூட்ல பூச்சி மருந்து எதுனா வெச்சிருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். அது உண்மைதான். கதிர் என்று சொல்லியிருந்தால் அதற்கான சிகிச்சையைத் தொடங்கியிருப்பார்கள். பெட்டியையும் எடுத்துப் போயிருப்பார்கள். கட்டுரைக்கு வேண்டிய தொண்ணூறு நாள் அளவீட்டில் அது எழுபத்தொன்றாவது நாள்.

எண்பத்தாறாவது நாள் காலை சந்தியா இறந்துபோனாள். அவள் தலைமாட்டில் நான்தான் இருந்தேன். காரியம் முடிவதற்குள் மலைக்குப் போய் மீதி நான்கு நாள் அளவையும் எடுத்துவிட்டேன்.

ஆய்வுக் கட்டுரையை அனுப்பிவிட்டேன், ஐயா. அதில் என் பெயருக்கு அடுத்து அவள் பெயரைப் போட்டிருக்கிறேன். எத்தனை புருஷன் பெண்டாட்டிக்கு இந்த மரியாதையைச் செய்வான், சொல்லுங்கள்.