எல்லாத்தையும் அழிக்கவான்னு கேட்டுச்சு

இல்ல மதினி, வச்சுக்கிட்டு இல்லேங்கல. உங்க மக வினோலியா பயோடேட்டா மட்டுமில்ல, இந்தத் தெருவுல அம்புட்டுப் பேருக்கும் நான் அடிச்சுக் குடுத்தது எல்லாமே போயிருச்சு. உக்காருங்க அன்னாள் மதினி. சேவுகம்பட்டி மாப்பிள்ளை வீட்டுல நாளைக்கே கேக்காகளா? நல்ல எடம்தான்.

போன வாரம் வைரஸ்னு சொன்னேன்ல. எந்தம்பி பாஸ்கல் கம்ப்யூட்டர் கடையில இருக்கான்ல, அவந்தான் பென் டிரைவுல லினக்ஸை ஏத்திக் குடுத்தான். சிடியெல்லாம் வேணாங்க்கா, இதைச் சொருகி ஆன் பண்ணிட்டு எஃப் பன்னெண்டைத் தட்டிக்கிட்டே இருன்னான். நானும் கொசு அடிக்கிற மாதிரி தட்டுறேன், தட்டுறேன்... வந்துருச்சு.

கஷ்டமில்ல மதினி. மொதல்ல என்ன பாஷைன்னு கேக்கும், தமிழும் இருக்கு. அப்புறம் உலகப் படத்தைக் காட்டி எந்த ஊரு நேரம்னு கேக்கும். திண்டுக்கல்லு அதுல எங்க இருக்கு! கல்கத்தாவத்தான் தொடணுமாம். அடுத்ததுதான்... பழைய விண்டோஸை ஓரமா வச்சுக்கிட்டுப் பக்கத்துல போடவா, இல்ல எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போடவான்னு கேட்டுச்சு. பாஸ்கல் ஓரமா வைக்கத்தான் சொன்னான்.

கை தவறல மதினி. தெரிஞ்சேதான் அமுக்குனேன்.

வைரஸும் இல்ல. ஒரே ஒரு ஃபைலு. டெலிட் பண்ணிட்டேன்தான். டெலிட் பண்ணதையும் திருப்பி எடுத்துரலாம்க்கான்னு பாஸ்கல் ஒருநா சாப்டும்போது பெருமையாச் சொன்னான். அன்னைலருந்து எனக்குச் சோறு எறங்கல.

அழிக்கிறதுக்கு முன்னாடி, நீங்க யாருன்னு ஒரு கேள்வி. பேரு அடிக்கிற கட்டம், வேற ஒண்ணுமில்ல. ரீனான்னு அடிக்கச் செத்த நேரம் எனக்குக் கை வரல.

வினோலியா இப்பச் சாப்புடுறாளா? நேத்துப் பூசையில பாத்தேன், தூணுக்குப் பின்னால ஒதுங்கி நின்னா. அன்னைக்கு மூணாவது கல்யாண ஓலையில சாமியார் அவ பேரை வாசிக்காம விட்டாருல்ல, கோயிலே திரும்பி அவளப் பாத்துச்சு. நானும் பாத்தேன். பொண்ணுக்கு வலிப்புன்னு கன்னிவாடி மாப்பிள்ளை வீட்டுக்கு எவனோ மொட்டைக் கடுதாசி போட்டுக் கெடுத்துட்டான்னு நீங்க எம் மடியில சாஞ்சுதான அழுதீக. நானும் கூட அழுதேன். பொய் அழுகை இல்ல மதினி அது.

நாங்க பாஸ்கலுக்குப் பொண்ணு கேட்டு வந்தப்ப, வாடகை வீட்டுக்காரனுக்கா எம் மகளைக் குடுப்பேன்னு சிரிச்சீக. ஞாபகமில்லையா? இருக்காது. அவனே மறந்துட்டான். அவனுக்கு இதுல ஒண்ணுந்தெரியாது, அவனைத் திட்டிப்புடாதீக.

பயோடேட்டாவ பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எந்தக் கடையிலயும் அடிச்சுக் குடுப்பாக. போட்டோவுல புள்ளையச் சிரிக்கச் சொல்லுங்க. சேவுகம்பட்டிக்காரவுக வந்து அக்கம்பக்கத்துல விசாரிப்பாகல்ல, எங்கிட்டயும் அனுப்பி வைங்க மதினி. அந்தப் பொய்க் கடுதாசிய அடிச்சது நாந்தான்னு அவுககிட்டயே சொல்லிப்புடுறேன்.